பழைய பெட்டிக்குள் ஒரு ஸ்கூனர்: முதல் மரக்கப்பலுக்கு இந்தக் கிட் சரிப்படுமா?

புதுச்சேரியில் பழைய சாமான் கடைகளிலும், ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதியில் கூடும் சண்டே மார்க்கெட்டிலும் எப்போதாவது இப்படி ஒரு பெட்டி கண்ணில் படும். நீளமான அட்டைப்பெட்டி, மூடியில் பாய் விரித்த கப்பல் படம், ஓரங்களில் பழுத்துப்போன செலோடேப். உள்ளே மரத்தில் கப்பல் மாதிரி கட்டுவதற்கான பாகங்கள். இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஐரோப்பியத் தயாரிப்பு: இரண்டு பாய்மர ஸ்கூனர், 1:50 அளவு. கட்டி முடித்தால் உடல் 45 செ.மீ., அணியத்தில், அதாவது முன்முனையில், முன்னால் நீளும் கொம்பையும் சேர்த்தால் 62 செ.மீ. பாகங்களை லேசரில் வெட்டித் தரும் வழக்கம் வருவதற்கு முந்தைய காலத்துக் கிட்.

முதல் கப்பலுக்கு இது சரிப்படும். ஆனால் பெட்டியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து விலை கொடுக்கக் கூடாது. மரத்துக்கும் வரைபடத்துக்கும் கொடுங்கள். நூல், ஈய வார்ப்பு, பசை மூன்றும் இல்லை என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஸ்கூனர் என்பதே முதல் காரணம். பாய்கள் ஏராவின், அதாவது கப்பலின் அடியில் ஓடும் முதுகெலும்புக் கட்டையின், போக்கிலேயே நீளவாட்டில் நிற்பவை. பாய்மரத்தின் குறுக்கே போய்ப் பாயைத் தாங்கும் பருமல் கட்டைகள் இல்லாததால் கயிற்று வேலை பாதிக்குப் பாதி குறைந்துவிடும். 1783 ஜூன் 20 அன்று கடலூருக்கு வெளியே ஆங்கிலேயக் கப்பற்படையோடு மோதிய பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் பெயர் புதுச்சேரியில் ஒரு வீதிக்கே இருக்கிறது. அவருடைய 74 பீரங்கிக் கப்பலைக் கட்ட வேண்டும் என்ற ஆசை இந்த ஊர்க்காரர்களுக்கு வருவது நியாயம்தான். அது மூன்றாவது, நான்காவது கப்பலாக இருக்கட்டும். மூன்று பாய்மரம், நூற்றுக்கணக்கான கப்பி, இரண்டு தளம் நிறையப் பீரங்கி என்று முதல் கையில் எடுத்தால் பாதியில் பரண் ஏறிவிடும்.

கடையிலேயே பெட்டியைத் திறந்து முதலில் எடுக்க வேண்டியது ஏரா. 5 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய, கப்பலின் பக்கவாட்டு வடிவத்தில் இருக்கும் பெரிய துண்டு அது. கடையின் கண்ணாடி மேசை மேல் படுக்க வையுங்கள். இரண்டு முனையும் படிந்து நடுவில் 1 மி.மீ. தூக்கினால் பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். 2 மி.மீ.க்கு மேல் தூக்கினாலோ, முறுக்கு இருந்தாலோ அந்தத் துண்டை நம்ப வேண்டாம். அதை அச்சாக வைத்துப் புது பிளைவுட்டில் வெட்டிக்கொள்ளலாம், விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஏரா கோணினால் அதற்கு மேல் செய்யும் ஒவ்வொன்றும் கோணும். பாய்மரம் நட்ட பிறகுதான் கண்ணுக்கு அது தெரியும்.

அடுத்து பலகைக் கட்டுகள். முதல் அடுக்குக்கு லைம் மரம் (எலுமிச்சை அல்ல, லிண்டன் என்னும் ஐரோப்பிய மரம்), 1.5 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலம், 600 மி.மீ. நீளம், 50 எண்ணிக்கை. இரண்டாம் அடுக்குக்கு வால்நட், 0.5 × 4 மி.மீ., 60 எண்ணிக்கை. கட்டைப் பிரித்து வெள்ளைத் தாள் மேல் தட்டிப் பாருங்கள். மாவு போல் தூள் விழுந்தால் உள்ளே உளு இருக்கிறது, வாங்க வேண்டாம். மரம் வெறுமனே காய்ந்து மொரமொரவென்று இருந்தால் அது குறை அல்ல, ஊறினால் வளையும். சொல்லப்போனால் இந்தப் பெட்டியின் வால்நட்தான் இதன் நகை: நெருக்கமான ரேகை, ஒரே நிறம், ஒரு பலகையில்கூட முடிச்சு இல்லை.

வரைபடம் ஐந்து தாள். மடிப்புகளில் இராமபாணப் பூச்சி அரித்திருக்கும். ஆனால் கோடுகள் முழுசாக இருந்தால் போதும். வேலைக்கு அசலை எடுக்காதீர்கள், பெரிய தாளில் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். போட்டதும் அசலிலும் நகலிலும் ஒரே கோட்டை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஜெராக்ஸ் மெஷின் ஒரு திசையில் மட்டும் கொஞ்சம் இழுத்துவிடுவது உண்டு. 450 மி.மீ.க்கு 3 மி.மீ. போனாலே தளம் வங்குகளோடு, அதாவது கப்பலின் விலா எலும்புகளோடு, பொருந்தாது.

உலோகப் பாகங்களின் நிலை மோசம். நங்கூரமும் ஆறு சிறு பீரங்கிகளும் பிளாஸ்டிக் உறைக்குள் விபூதி பூசியது போல் வெளுத்திருக்கின்றன. ஈயம் கலந்த வார்ப்பு, அட்டையும் மரமும் விடும் அமில ஆவியில் வருடக்கணக்கில் மூடிக் கிடந்ததால் வந்த வினை இது. நங்கூரத்தின் கொக்கியைத் திருப்பிப் பார்த்தால் மேல்தோல் செதில் செதிலாகக் கிளம்புவது தெரியும். அந்தத் தூள் விஷம். ஊதாதீர்கள், உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உறையைப் பிரிக்காமலே அப்புறப்படுத்திவிட்டுப் பித்தளையில் மாற்று வாங்குவது மேல். போதாததற்கு அந்தப் பீரங்கிகள் 1:50 அளவுக்கு மிகப் பெரியவை. எதிர்ப் பக்கம் இடிக்கும் நீளத்தில் இருக்கின்றன. பித்தளை ஆணிகள் கறுத்திருக்கும், அவ்வளவுதான், பயன்படும்.

நூல் சுருளில் ஒன்றை விரலில் சுற்றி இழுங்கள். பட்டென்று அறும். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனிக் கட்டும் வேலை. கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் மரப்படகு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கிட்டின் எலும்புக்கூடு புதிதாக இருக்காது. ஏரா, அதன் மேல் வரிசையாக வங்கு, அதன் மேல் பலகை. நிஜப் படகில் வங்கு வளைந்த கட்டையாக இருக்கும். இங்கே முழுத் தட்டாக இருக்கிறது, மொத்தம் பத்து. கட்டத் தொடங்கும் முன் ஒருமுறை அங்கே போய், அணியத்தை நோக்கிப் போகும் பலகைகள் எப்படி ஒடுங்குகின்றன என்று கண்ணால் பார்த்துவிட்டு வருவது, கிட்டோடு வந்த விளக்கத் தாளை நான்கு முறை படிப்பதைவிட உபயோகம்.

வங்குகள் அச்சில் அழுத்தி வெட்டப்பட்டவை. முன்பக்கம் வெட்டு தெளிவாகத் தெரியும், பின்பக்கம் பாதிதான் இறங்கியிருக்கும். கட்டைவிரலால் தள்ளி எடுத்தால் பிளைவுட்டின் அடித்தோல் உரிந்து வரும். பிளைவுட் தாளைத் திருப்பிப் போட்டு, கட்டர் பிளேடால் அதே கோட்டில் இரண்டு மூன்று முறை கீறிய பிறகு எடுங்கள். எடுத்ததும் பென்சிலில் எண் போடுங்கள். 4க்கும் 5க்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான், மாறினால் பிறகு கண்டுபிடிக்க முடியாது.

ஏராவில் இருக்கும் பள்ளங்கள் வங்குக்கு இறுக்கமாக இருக்கின்றன. சுத்தியலால் தட்டி இறக்கினால் ஏரா விரியும், வளையும். பள்ளத்தின் உட்பக்கத்தை அரத்தால் ராவி, விரலால் அழுத்தினால் இறங்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பசை இல்லாமல் பத்தையும் மாட்டி, தளத்துக்கான 1 மி.மீ. பிளைவுட்டை மேலே வைத்துப் பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும். ஒட்டும்போது ஒவ்வொரு வங்குக்கும் இரு பக்கமும் சதுரக் கட்டை முட்டுக்கொடுத்து மூலைமட்டத்தால் பாருங்கள். பசைக்கு ஃபெவிகால் போதும். பாய்மரம் இறங்கும் குழிகளை இப்போதே சரிபாருங்கள். இந்தக் கிட்டில் அவை தளர்வாக இருக்கின்றன. இரு பக்கமும் மெல்லிய துண்டு ஒட்டி இறுக்கிவிடாமல் தளத்தை மூடினால் பாய்மரம் கடைசி வரை ஆடும்.

அதன் பின் வங்குகளின் ஓரத்தைச் சரிவாக்கும் வேலை. விளக்கத் தாள் இதற்கு ஒரே வரி ஒதுக்கியிருக்கிறது. அது பெரிய குறை, ஏனென்றால் புதிதாகக் கட்டுபவர்கள் தவறவிடுவது இதைத்தான். அணியத்தில் முதல் மூன்று வங்கும் அமரத்தில், அதாவது பின்முனையில், கடைசி இரண்டும் நேர் ஓரத்தோடு இருந்தால் பலகை அவற்றின் ஒரு விளிம்பில் மட்டும் தொடும். கட்டையில் சுற்றிய 100ஆம் எண் உப்புத்தாளால், ஒரே சமயம் இரண்டு மூன்று வங்குகளை இணைத்துத் தேயுங்கள். ஒரு பலகையை எடுத்து மூன்று வங்குகளின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் முழு அகலத்துக்கும் படிய வேண்டும், வெளிச்சம் தெரியக் கூடாது. அணியத்தில் முதல் வங்குக்கும் முனைக்கும் இடையில் பால்சா அல்லது மென்மரக் கட்டையை ஒட்டி வடிவமாக்கிக்கொண்டால் பலகைக்குப் பிடிமானம் கிடைக்கும். கிட்டில் அந்தக் கட்டை இல்லை, நாமே போட வேண்டும்.

முதல் அடுக்குப் பலகைதான் இந்த வேலையின் உயிர். நடு வங்கின் ஓரத்தைத் தளத்திலிருந்து ஏரா வரை ஒரு காகிதப் பட்டையால் அளந்தால் 95 மி.மீ. 5 மி.மீ. பலகை என்றால் பக்கத்துக்கு 19. அணியத்தில் அதே தூரம் 57 மி.மீ.தான். 57ஐ 19ஆல் வகுத்தால் 3. ஆக ஒவ்வொரு பலகையும் நடுவில் 5 மி.மீ., முனையில் 3 மி.மீ. என்று ஒடுங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் முழு அகலத்தில் ஒட்டிக்கொண்டே போனால், ஆறாவது ஏழாவது பலகையில் அணியத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறும், இல்லையென்றால் முனை மேல்நோக்கித் திரும்பும். பலகையை அகலவாட்டில் வளைக்க முடியாது. வற்புறுத்தினால் ஓரம் தூக்கி, செங்கல் அடுக்கியது போல் படிப்படியாக நிற்கும். எங்கும் பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே சீவாதீர்கள். அப்படி வேண்டியிருந்தால் இரண்டு பலகையை ஒரே பலகையாக முடித்துக்கொள்ள வேண்டும். அமரத்தில் நிலைமை தலைகீழ், அங்கே தூரம் கூடுவதால் பலகைகளுக்கு நடுவே ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டிவரும்.

எங்கே தொடங்குவது? விளக்கத் தாள் மேலிருந்து ஏரா வரை வரிசையாக இறங்கச் சொல்கிறது. அதைவிட, தளத்தின் விளிம்பில் தொடங்கி ஐந்து பலகை இறங்கியதும் நிறுத்திவிட்டு, ஏராவை ஒட்டிய பலகையைப் போட்டு, அங்கிருந்து மேலே வருவது நல்லது. ஏராவை ஒட்டிய பலகையின் முனையை அணியத்தில் மேலே ஏறவிடாதீர்கள். அது ஏறினால் மிச்சப் பலகைகளுக்கு இடம் போய்விடும். இடது பக்கம் ஒன்று போட்டால் வலது பக்கம் ஒன்று. ஒரே பக்கத்தில் நான்கைந்து போட்டுவிட்டு அடுத்த நாள் மறுபக்கம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், பசை காயும்போதே எலும்புக்கூடு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

லைம் பலகையை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் முனையில் வைத்து மெல்ல வளைத்து, வங்கின் மேல் துணி கிளிப் போட்டுக் காயவிடுங்கள். காய்ந்த பிறகுதான் பசை. ஈரப் பலகை அகலத்தில் ஊதியிருக்கும். அப்படியே ஒட்டினால் காய்ந்ததும் சுருங்கி, இரண்டு பலகைக்கு நடுவே கோடு கோடாக இடைவெளி விடும். ஆணியைப் பாதி மட்டும் இறக்குங்கள், பசை பிடித்ததும் குறடால் பிடுங்கிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கடற்காற்றில் பச்சைக் களிம்பு பூத்து மேல் அடுக்கு வரை கறை ஏறும். நாளைக்குப் பக்கத்துக்கு இரண்டு பலகை என்றால் பத்து நாள் வேலை. அதைவிட வேகம் வேண்டாம்.

முதல் அடுக்கு முடிந்ததும் மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்துப் பள்ளங்களில் அப்பி, 150, பிறகு 220 உப்புத்தாள். விரல் நுனியால் தடவிப் பார்ப்பதே சரியான சோதனை. கண் ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறாது. ஏராவின் வெளிக்கட்டையை விளக்கத் தாள் சொல்வது போல் கடைசியில் ஒட்டாமல் இப்போதே ஒட்டிவிட்டால், வால்நட் பலகைகளின் முனை அதன் மேல் சுத்தமாக முட்டி நிற்கும். வால்நட் 0.5 மி.மீ.தான், ஐந்து நிமிடம் ஊறினால் போதும். இதற்கு இன்ஸ்டன்ட் பசை வேண்டாம். கசிந்த இடத்தில் மரம் பாலிஷ் குடிக்காது, நம் ஊர் ஈரக்காற்றில் அந்தப் பசை வெள்ளையாகவும் பூக்கும். கடைசித் தேய்ப்பு 320ல், மென்மையாக. இரண்டு இழுப்பு அதிகமானால் கீழே லைம் எட்டிப் பார்க்கும், அதை மறைக்க வழியில்லை.

தளத்துக்கு 45 செ.மீ. முழு நீளப் பலகை போடச் சொல்கிறார்கள். 1:50ல் அது 22 மீட்டருக்கு மேல். அவ்வளவு நீளத்தில் ஒற்றைப் பலகை போட்டிருக்க மாட்டார்கள். 12 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் நிஜத்தில் 6 மீட்டர், கண்ணுக்குப் பொருந்தும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் 2பி பென்சிலை ஒரு முறை ஓட்டிவிட்டு ஒட்டினால், பலகைகளுக்கு நடுவே பஞ்சும் கீல் என்னும் தாரும் அடைத்த கோடு வந்துவிடும். இணைப்புகள் அடுத்தடுத்த வரிசையில் ஒரே இடத்தில் வராமல் மாற்றிப் போடுங்கள்.

பாய்மரத்துக்கு வந்த 8 மி.மீ. உருளைகளைத் தரையில் உருட்டிப் பாருங்கள். தத்தித் தத்தி ஓடினால் கோணல், ஹார்டுவேர் கடையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். டிரில் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, உப்புத்தாளை மடித்துப் பிடித்தால் மேல்முனை 5 மி.மீ.க்கு ஒடுங்கும். ஒரே இடத்தில் பிடிக்காதீர்கள், சூடேறிக் கறுக்கும்.

கயிற்றுக்குத் தையல் கடை பாலியஸ்டர் நூல் இந்த ஊருக்குச் சரி. பருத்தி நூல் ஈரத்தில் சுருங்கும், காய்ந்தால் தளரும். சித்திரையில் இறுக்கிக் கட்டிய பருத்திக் கயிறு ஐப்பசி மழையில் பாய்மரத்தின் நுனியையே வளைத்துவிடும். மூன்று இழை முறுக்கினால் தடித்த கயிறு. தடிமனை அளக்கப் பென்சிலில் நெருக்கமாக 20 சுற்று சுற்றி, அந்த அகலத்தை 20ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். நூலின் சிலும்பலை அடக்க நாட்டு மருந்துக் கடைத் தேன்மெழுகில் இரண்டு முறை இழுங்கள். பாய்மரத்தை இரு பக்கமும் தாங்கும் கயிறுகள் கறுப்பு, நிஜக் கப்பலில் அவற்றுக்குத் தார் பூசுவார்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் பழுப்பு. கிட் எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் நூலைக் கொடுத்திருப்பது தவறு.

பக்கக் கயிறுகளை வலது முன்னால் ஒரு ஜோடி, பிறகு இடது, மறுபடி வலது என்று மாற்றி மாற்றிக் கட்டினால் பாய்மரம் நட்டநடுவில் நிற்கும். அவற்றின் குறுக்கே வரும் ஏணிப்படிகளுக்கு 7 முதல் 8 மி.மீ. இடைவெளி, நிஜத்தில் அது 35 முதல் 40 செ.மீ., ஒரு மாலுமியின் கால் எட்டும் தூரம். கோடு போட்ட தாளைப் பின்னால் செருகிக்கொண்டு கட்டுங்கள். முடிச்சை இறுக்கும் ஆர்வத்தில் இழுத்தால் பக்கக் கயிறுகள் நடுவில் உடுக்கை போல் ஒடுங்கும். அப்படி ஆனால் அந்த வரிசையை வெட்டிவிட்டு மறுபடி கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. மரக் கப்பிகள் சொரசொரப்பாக, பெட்டி பெட்டியாக இருக்கின்றன. ஒரு டப்பாவின் உள்ளே உப்புத்தாளை ஒட்டி, கப்பிகளைப் போட்டுப் பத்து நிமிடம் குலுக்கினால் மூலைகள் உருண்டுவிடும். துளைகளை 0.6 மி.மீ. பிட்டால் திறந்துகொள்ளுங்கள். இவ்வளவு சின்ன பிட்டுகளை எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேளுங்கள்.

பாய்த் துணியைச் சேர்க்க வேண்டாம். இழை தடிப்பு, இந்த அளவில் கோணிப்பை போல் தெரியும்.

பருவம் பார்த்துத் தொடங்குங்கள். தை பிறந்ததும் பெட்டியைப் பிரித்து, பலகைகளைக் கட்டவிழ்த்து, கட்டப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் வையுங்கள். மாசியில் தொடங்கினால் புரட்டாசிக்குள் உடல் வேலையும் பாலிஷும் முடியும். வடகிழக்கு மழையில் ஒட்டிய பலகை கோடையில் இடைவெளி விடும். அரக்கு பாலிஷ் போடுவதானால் மழை நாளில் தொடவே கூடாது, மேலே பால் படிந்தது போல் மங்கும்.

முடித்த கப்பலுக்குக் கண்ணாடிப் பெட்டி அவசியம். உப்புக் காற்றும் தூசியும் கயிற்றில் படிந்தால் துடைத்து எடுக்க முடியாது. ஆனால் காற்றுப் போகாமல் அடைத்துவிடாதீர்கள். நங்கூரத்தை வெளுக்கவைத்த அதே அமில ஆவி புதுப் பெட்டியின் மரத்திலிருந்தும் வரும். அடிப்பலகையில் எதிரெதிர் மூலைகளில் 10 மி.மீ. துளை இரண்டு போட்டு, பூச்சி ஏறாமல் கொசுவலைத் துண்டு ஒட்டி, பெட்டியைச் சின்னக் கால்கள் மேல் தூக்கி வையுங்கள்.